1879: டே ஆற்றுப் பாலம் சரிந்த ஆண்டு

ஸ்காட்லாந்து மக்களுக்கு 1879ஆம் ஆண்டு தொடக்கம் முதலே கடினமாக இருந்தது. முந்தைய அக்டோபரில் மூடப்பட்ட சிட்டி ஆஃப் கிளாஸ்கோ வங்கியின் இயக்குநர்கள் ஜனவரியில் எடின்பரோ உயர்நீதிமன்றக் கூண்டில் நின்றார்கள். பங்குதாரரின் பொறுப்புக்கு வரம்பு இல்லாத வங்கி அது என்பதால், அதன் பங்குகளில் சேமிப்பைப் போட்டிருந்த நடுத்தரக் குடும்பங்கள் பல ஒரே குளிர்காலத்தில் வீடு வாசலை இழந்தன. ஜூலை 2ஆம் தேதி, 1877இல் 207 பேரைப் பலிகொண்ட பிளான்டயர் நிலக்கரிச் சுரங்கத்தில் மறுபடியும் வெடிப்பு நிகழ்ந்து 28 பேர் இறந்தார்கள். இத்தகைய ஆண்டில் நாடு பெருமையோடு பேச ஒன்று இருந்தது என்றால், அது டண்டீ நகருக்குத் தெற்கே டே ஆற்றின் அகன்ற முகத்துவாரத்தைக் கடந்து நின்ற ரயில் பாலம்தான். ஜூன் மாதம் விக்டோரியா அரசி அதன் மீது பயணம் செய்தார். சில நாள்களில் அதை வடிவமைத்த தாமஸ் பௌச்சுக்கு சர் பட்டம் கிடைத்தது. ஆறு மாதம் கழித்து, டிசம்பர் 28 ஞாயிறு இரவு, பாலத்தின் நடுப்பகுதி ஒரு பயணிகள் ரயிலோடு ஆற்றில் விழுந்தது. ரயிலில் இருந்தவர்களில் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை.

காற்று தள்ளியது, பாலம் விழுந்தது என்று இந்த நிகழ்வைச் சுருக்கிச் சொல்வது வழக்கம். அது பொய்யன்று, ஆனால் அது போதாது. விசாரணையில் வெளிவந்த சாட்சியங்களைச் சேர்த்துப் பார்த்தால், பாலத்தின் ஒவ்வொரு பலவீனமும் விழுவதற்கு முன்பே யாரோ ஒருவருக்குத் தெரிந்திருந்தது புலப்படுகிறது. அப்படித் தெரிந்தவர்கள் வார்ப்பாலைத் தொழிலாளர்கள், வண்ணம் பூசுவோர், ஒரு கொத்தனார், நாள்தோறும் பயணம் செய்த சிலர். முடிவெடுக்கும் இடத்தில் இருந்தவர்களிடம் அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை, சேர்ந்த சில வேளைகளிலும் அது எடுபடவில்லை. இந்தக் கட்டுரை அந்த இடைவெளியைத்தான் பின்தொடர்கிறது.

பாலம் தேவைப்பட்ட காரணம்

டண்டீ அந்நாளில் சணலின் தலைநகரம். வங்காளத்திலிருந்து கப்பலில் வந்திறங்கிய சணல் நாரைத் திமிங்கில எண்ணெயில் பதப்படுத்தி நூற்று நெய்யும் ஆலைகள் நகரெங்கும் புகை கக்கின. ஆனால் அங்கிருந்து எடின்பரோவுக்குச் செல்ல நார்த் பிரிட்டிஷ் ரயில்வேயில் ஏறுபவர் இரண்டு அகன்ற முகத்துவாரங்களைப் படகில் கடக்க வேண்டியிருந்தது: வடக்கே டே, தெற்கே ஃபோர்த். ஐம்பது மைலுக்கும் குறைவான பயணம் மூன்று மணி நேரத்துக்கு மேல் இழுத்தது. கடல் கொந்தளித்தால் அதற்கும் உறுதியில்லை. போட்டி நிறுவனமான கலிடோனியன் ரயில்வே சுற்றுவழியில் சென்றாலும் தண்டவாளத்திலேயே சென்றது. சரக்கும் பயணிகளும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாமலிருக்க நார்த் பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு இரண்டு பாலங்கள் தேவைப்பட்டன. அதற்குக் கிடைத்த பொறியாளர் பௌச்.

பௌச் திறமையற்றவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1850இல் ஃபோர்த் முகத்துவாரத்தில் சரக்கு வண்டிகளைத் தண்டவாளத்தோடு ஏற்றிச் செல்லும் ரயில் படகுச் சேவையை உருவாக்கியவர் அவர். 1860ஐ ஒட்டி வட இங்கிலாந்தில் அவர் வார்ப்பிரும்புத் தூண்களின் மேல் எழுப்பிய பீலா பாலம் நூறாண்டு தாண்டியும் நின்றது. 1960களில் அந்தத் தடம் மூடப்பட்ட பிறகே அதைப் பிரித்தார்கள். குறைந்த செலவில் தடம் போட்டுத் தருவதில் அவர் பெயர் பெற்றிருந்தார். அந்தப் பெயர்தான் நிறுவன இயக்குநர்களை ஈர்த்தது.

ஆற்றடியில் தொடங்கிய பிழை

1871 ஜூலையில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏறத்தாழ இரண்டு மைல் நீளம், 85 கண்கள், அதாவது தூணுக்குத் தூண் இடைப்பட்ட பகுதிகள். உலகின் மிக நீண்ட பாலமாக அது திட்டமிடப்பட்டது. துளையிட்டுப் பார்த்தவர்கள் ஆற்றின் அடியில் எட்டும் ஆழத்தில் பாறை இருப்பதாகக் கூறியதை நம்பி, தூண்கள் முழுவதையும் செங்கல்லில் கட்டுவது என்று முடிவாகியிருந்தது. கரையை ஒட்டிய சில தூண்களுக்குப் பிறகு பாறை கிடைக்கவில்லை. அவர்கள் பாறை என்று எண்ணியது இறுகிய சரளைப் படிவம். அதன் மேல் செங்கல் தூணின் எடையை ஏற்ற முடியாது. ஆகவே பௌச் நடுப்பகுதியில் தூண்களின் எண்ணிக்கையைக் குறைத்துக் கண்களை அகலமாக்கினார். செங்கல்லுக்குப் பதிலாக எடை குறைந்த வார்ப்பிரும்பைத் தேர்ந்தார். ஆறு வார்ப்பிரும்புக் குழாய்த் தூண்களை அறுகோணமாக நிறுத்தி, இடையிடையே தேனிரும்புப் பட்டைகளைக் குறுக்காக இழுத்துக் கட்டிய தொகுதி ஒவ்வொன்றும், தடத்தைச் சுமக்கும் இரும்பு உத்திரங்களான அகலமான கர்டர்களைத் தாங்கியது.

கப்பல்கள் செல்வதற்காக நடுவில் 13 கண்கள் மட்டும் உயர்த்தப்பட்டன. நீர்மட்டத்துக்கு மேல் 88 அடி இடைவெளி விட வேண்டும் என்பதால், மற்ற இடங்களில் கர்டரின் மேல் ஓடிய தடம் இங்கே கர்டர்களுக்கு உள்ளே, பக்கவாட்டுச் சட்டங்களுக்கு நடுவே ஓடியது. அவற்றில் பதினொன்று தலா 245 அடி, இரண்டு தலா 227 அடி. மேலே கனமான உயரமான கூண்டு, கீழே குறுகிய அடியில் நிற்கும் மெல்லிய தூண்கள். பக்கவாட்டிலிருந்து தள்ளும் விசைக்கு மொத்தப் பாலத்திலும் இதைவிட மோசமான இடம் கிடையாது. காற்றுக்கென்று பௌச் தனிக் கணக்கு எதுவும் போடவில்லை. ஃபோர்த் ஆற்றுக்குத் தாம் திட்டமிட்ட தொங்குபாலத்துக்காக 1873இல் அரச வானியலாளர் ஜார்ஜ் ஏரியிடம் கேட்டிருந்தார். அத்தனை பெரிய பரப்பின் மீது சராசரியாகச் சதுர அடிக்கு 10 பவுண்டு அழுத்தத்துக்கு மேல் வராது என்று அவர் பதில் அளித்திருந்தார். அதே காலத்தில் பிரான்சில் 55 பவுண்டும் அமெரிக்காவில் 50 பவுண்டும் கணக்கில் கொள்ளப்பட்டன.

எச்சரிக்கையும் முன்னதாகவே வந்தது. 1877 பிப்ரவரி 2ஆம் தேதி, கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோதே, ஒரு புயலில் இரண்டு உயர் கர்டர்கள் ஆற்றில் விழுந்தன. அவற்றில் ஒன்றை எடுத்து நிமிர்த்தி மீண்டும் பொருத்தினார்கள்.

வார்ப்பாலையில் நடந்தது

தூண்களை வார்க்க ஆற்றின் தென்கரையில் வார்மிட் என்ற இடத்தில் தனி ஆலை அமைக்கப்பட்டிருந்தது. முதல் ஒப்பந்தக்காரர் நோயுற்று இறந்த பிறகு, மிடில்ஸ்பரோவைச் சேர்ந்த ஹாப்கின்ஸ், கில்க்ஸ் நிறுவனம் பணியை ஏற்றது. இந்த ஆலையில் நடந்ததைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும். என் கருத்தில் பாலத்தின் கதை இங்கேதான் தீர்மானமானது.

வார்ப்பில் காற்று அடைபட்டால் இரும்புக்குள் புரை விழும். அப்படிப்பட்ட வார்ப்பை உடைத்துப் போட்டு மீண்டும் உருக்குவதுதான் முறை. வார்மிட்டில் புரைகளை ஒரு பசையால் அடைத்தார்கள். தேன்மெழுகு, பிடில் வில்லுக்குத் தேய்க்கும் பிசின், இரும்புத் துருவல், விளக்குக் கரி ஆகியவற்றைச் சேர்த்து உருக்கிச் செய்த கலவை அது. தொழிலாளர்கள் அதைப் 'போமாண்ட் முட்டை' என்று அழைத்தார்கள். புரைக்குள் அப்பித் தேய்த்துவிட்டால் மேற்பரப்பு நல்ல இரும்புபோலவே தோன்றும். தூணின் சுவர் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் வந்த வார்ப்புகளும் ஏற்றுக்கொள்ளப்பட்டன.

அதைவிடக் கொடியது காதுகளின் நிலை. குறுக்குப் பட்டைகளைப் பூட்டுவதற்கான காதுகள், அதாவது துளையுள்ள நீட்டங்கள், தூணோடு சேர்த்தே வார்க்கப்பட்டன. போல்ட் செல்லும் துளையைத் துரப்பணத்தால் குடையாமல் வார்ப்பிலேயே விட்டுவிட்டார்கள். அச்சிலிருந்து எளிதில் கழன்றுவர வேண்டும் என்பதற்காகத் துளை ஒரு பக்கம் அகன்று மறுபக்கம் குறுகி, கூம்பு வடிவில் அமைந்தது. நேரான போல்ட்டைக் கூம்பான துளையில் செருகினால் அது துளைச் சுவர் முழுவதும் பதியாது, குறுகிய விளிம்பை மட்டுமே தொடும். பட்டையின் இழுவிசை முழுவதும் அந்த விளிம்பில் குவியும். வார்ப்பிரும்பு அழுத்தத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதிலும் ஓரத்தில் குவியும் இழுவையில் திடீரென்று உடையும். விபத்துக்குப் பிறகு ஆற்றிலிருந்து எடுத்த காதுகளை டேவிட் கிர்கால்டி தம் லண்டன் சோதனைக்கூடத்தில் இழுத்துப் பார்த்தபோது, 60 டன் தாங்கும் என்று எதிர்பார்க்கப்பட்டவை ஏறத்தாழ 20 டன்னிலேயே முறிந்தன.

பீலா பாலத்தைக் கட்டியபோது தரத்தில் கண்ணாக இருந்த அதே பௌச், இங்கே வார்ப்பாலைப் பக்கம் போதிய கவனம் செலுத்தவில்லை, மேற்பார்வையைப் பிறரிடம் விட்டுவிட்டார். அந்த வேளையில் அவர் கையில் ஃபோர்த் பாலத் திட்டமும் வேறு பல வேலைகளும் இருந்தன.

அறிந்தவர்கள்

1878 பிப்ரவரி கடைசியில், ரயில் தடங்களைப் பரிசோதித்து அனுமதி வழங்கும் அரசுத் துறையான வர்த்தக வாரியத்தின் சார்பில் மேஜர் ஜெனரல் ஹட்சின்சன் மூன்று நாள் பாலத்தைப் பரிசோதித்தார். தலா 73 டன் எடையுள்ள ஆறு எஞ்சின்களைக் கோத்து மணிக்கு 40 மைல் வேகம்வரை ஓட்டிப் பார்த்தார். பாலம் அசைந்தது மிகக் குறைவு. மணிக்கு 25 மைலுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்து அனுமதி வழங்கினார். பலத்த காற்றில் ரயில் பெட்டிகள் செல்லும்போது பாலம் எப்படி இருக்கிறது என்பதை மறுமுறை வரும்போது காண விரும்புவதாகத் தம் அறிக்கையில் எழுதினார். அந்த மறுமுறை வரவேயில்லை. அவர் சோதித்தது மேலிருந்து கீழே அழுத்தும் பளுவை. பக்கவாட்டுக் காற்றைப் பற்றி வாரியத்திடம் விதியே இருக்கவில்லை.

1878 ஜூன் 1ஆம் தேதி பயணிகள் போக்குவரத்து தொடங்கியது. பராமரிப்புக்கு அமர்த்தப்பட்டவர் ஹென்றி நோபிள். அவர் கொத்தனார், அடித்தளங்களைச் சுற்றி ஆற்று மணல் அரிக்கிறதா என்று பார்ப்பதுதான் அவருடைய முதன்மைப் பணி. இரும்பு வேலையில் அவருக்குப் பழக்கமில்லை, அதில் தேர்ந்தவரை நிறுவனமும் அனுப்பவில்லை. அந்த அக்டோபரில், தூண்களுக்கு இடையே தடதடவென்று ஒலி கேட்டு மேலேறிப் பார்த்த நோபிள், குறுக்குப் பட்டைகள் தளர்ந்து ஆடுவதைக் கண்டார். பட்டையை இறுக்கும் ஆப்புகளுக்கு மேலும் இறங்க இடமில்லை. அவர் டண்டீயில் இரும்புத் துண்டுகள் வாங்கி வந்து இடைவெளிகளில் செருகினார். இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புகளில் செய்தார். ஒலி நின்றது. அவர் இதை பௌச்சிடம் சொல்லவில்லை.

நோபிளைக் குற்றம் சொல்வது எளிது. எனக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆப்பு தளர்ந்தது என்றால் காது விலகியிருக்கலாம், பட்டை நீண்டிருக்கலாம், தூண்தொகுதியே ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். சாய்ந்த நிலையிலேயே இடைவெளியை அடைத்துவிட்டால் அந்தச் சாய்வு நிரந்தரமாகிவிடும். ஓர் இரும்புப் பொறியாளருக்கு உடனே தோன்றக்கூடிய இந்தக் கவலை கொத்தனாருக்குத் தோன்றவில்லை. தமக்குப் புரிந்தவற்றை அவர் மறைக்கவும் இல்லை: சில தூண்களில் நீளவாக்கில் வெடிப்பு கண்டபோது பௌச்சிடம் தெரிவித்தார், அவற்றுக்குத் தேனிரும்பு வளையம் பூட்டப்பட்டது.

பயணிகளுக்கும் ஐயம் இருந்தது. டண்டீயின் முன்னாள் நகரத் தலைவர் வில்லியம் ராபர்ட்சன் நாள்தோறும் சென்று வந்தவர். வடக்கு நோக்கிய ரயில்கள் வேக வரம்பை மீறுவதைக் கடிகாரத்தால் கணித்து நிலையத்தில் முறையிட்டார்; பலன் இல்லை என்று கண்டதும் வடக்கு நோக்கிய பயணத்துக்குப் படகையே நாடினார். 1879 கோடையில் பாலத்தில் வண்ணம் பூசியவர்கள், ரயில் வரும்போது உயர் கர்டர்கள் பக்கவாட்டில் ஆடியதையும் காதுகள் உடைந்து கிடந்ததையும் பின்னர் சாட்சி சொன்னார்கள். அவர்களை யாரும் முன்பு கேட்டிருக்கவில்லை.

டிசம்பர் 28

அன்று மாலை மேற்கிலிருந்து ஆற்றின் வழியே, அதாவது பாலத்தின் பக்கவாட்டில், கடும் புயல் வீசியது. ஆறு மணியளவில் கடந்த உள்ளூர் ரயிலின் சக்கரங்களிலிருந்து தீப்பொறி பறந்தது. பயணிகள் அஞ்சினார்கள், கார்டு பிரேக் போட்டார். ஆயினும் ரயில் அக்கரை சேர்ந்தது.

எடின்பரோவிலிருந்து புறப்பட்டுப் படகில் ஃபோர்த்தைக் கடந்தவர்கள் பர்ன்ட்ஐலண்டில் ஏறிய அஞ்சல் ரயில், செயின்ட் ஃபோர்ட் நிலையத்தில் பயணச்சீட்டுகளைக் கொடுத்துவிட்டுப் பாலத்தின் தென்முனையை அடைந்தது. 224 எண் எஞ்சின், ஐந்து பெட்டிகள், பின்னால் ஒரு சரக்கு வேன். ஒற்றைத் தடம் என்பதால் அனுமதிக் கோலைப் பெற்றுக்கொண்டே நுழைய வேண்டும். சிக்னல்காரர் தாமஸ் பார்க்ளே 7.13க்குக் கோலைக் கொடுத்துவிட்டுக் காற்றில் வளைந்தபடி அறைக்குத் திரும்பினார். உடன் இருந்த ஜான் வாட் கதவுக் கண்ணாடி வழியே ரயிலின் பின்விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சற்று தொலைவில் சக்கரங்களில் பொறி பறந்தது, ஏறத்தாழ மூன்று நிமிடம் அது தொடர்ந்தது; பிறகு பளிச்சென்று ஓர் ஒளி, அதன் பின் இருள். சிக்னல் கருவிகள் பேசவில்லை. இருவரும் பாலத்தின் மேல் நடக்க முயன்று காற்றால் தள்ளப்பட்டுக் கரைக்கு இறங்கினார்கள். மேகம் விலகி நிலவு தெரிந்தபோது நடுப்பாலம் இல்லாததைக் கண்டார்கள்.

வடகரையில் டண்டீ நிலைய மேலாளர் ஜேம்ஸ் ஸ்மித்தும் எஞ்சின் பணிமனைத் தலைவர் ஜேம்ஸ் ராபர்ட்ஸும் பாலத்தில் இறங்கினார்கள். நிற்க முடியாத காற்று. ராபர்ட்ஸ் தண்டவாளத்தைப் பற்றியபடி ஊர்ந்து சென்றார். பாலத்தின் வழியே தென்கரையிலுள்ள நியூபோர்ட்டுக்குக் குடிநீர் கொண்டுசென்ற குழாய் முறிந்து தண்ணீர் பீறிட்டுக்கொண்டிருந்தது. அதைத் தாண்டித் தண்டவாளம் வளைந்து ஆற்றை நோக்கித் தொங்கியது. அந்த இரவிலேயே புரோட்டி ஃபெரி கடற்கரையில் அஞ்சல் பைகள் ஒதுங்கின.

உயர்த்தப்பட்ட 13 கண்களும், அவற்றைத் தாங்கிய 12 தூண்தொகுதிகளும், மொத்தம் 3,149 அடி நீளம், ஒரே வீழ்ச்சியில் போயிருந்தன. செயின்ட் ஃபோர்ட்டில் சேகரித்த சீட்டுகளை அடிப்படையாக வைத்து 75 பேர் இறந்ததாக அன்று மதிப்பிட்டார்கள். பிற்கால ஆராய்ச்சி இறப்புப் பதிவுகளின்படி 59 பேரை உறுதிசெய்திருக்கிறது. மீட்கப்பட்ட உடல்கள் 46. அந்த 59 பெயர்களும் பொறிக்கப்பட்ட நினைவுக் கற்கள் ஆற்றின் இரு கரைகளிலும் 2013 டிசம்பர் 28ஆம் தேதியே வைக்கப்பட்டன. இத்தனை தாமதமாக வந்தது வருந்தத்தக்கது. எஞ்சினை 1880 ஏப்ரலில் தூக்கி எடுத்துப் பழுது பார்த்தார்கள்; அது 1919வரை ஓடியது.

விசாரணை மன்றம்

கப்பல் விபத்து ஆணையர் ஹென்றி ராத்தரி, ரயில்வே ஆய்வாளர் கர்னல் யோலாண்ட், பொறியாளர் சங்கத் தலைவர் வில்லியம் ஹென்றி பார்லோ ஆகிய மூவரும் ஜனவரி 3ஆம் தேதியே டண்டீயில் அமர்ந்தார்கள். கடைசிப் பெட்டி காற்றில் தடம் புரண்டு கர்டரில் மோதியதே காரணம் என்று பௌச் தரப்பு வாதிட்டது. மூவரும் அதை ஏற்கவில்லை. காதுகளும் குறுக்குப் பட்டைகளும் காற்றுக்கு ஈடுகொடுக்காமல் முறிந்து தூண்கள் சரிந்தன என்பதில் அவர்களிடையே வேறுபாடு இல்லை. பாலம் மோசமாக வடிவமைக்கப்பட்டது, மோசமாகக் கட்டப்பட்டது, மோசமாகப் பராமரிக்கப்பட்டது என்று ராத்தரி எழுதினார்.

அவர்கள் பிரிந்த இடம் பொறுப்பு பற்றியது. ஆகவே இரண்டு அறிக்கைகள் வெளிவந்தன. காற்றழுத்தம் பற்றி வர்த்தக வாரியம் விதி எதுவும் வகுக்கவில்லை என்று யோலாண்டும் பார்லோவும் சுட்டிக்காட்டி, ஒருவர் மீது பழி சுமத்துவது தங்கள் பணி அல்ல என்று ஒதுங்கினார்கள். ராத்தரி ஒதுங்கவில்லை. விதி இல்லாதது பொறியாளரின் கடமையைக் குறைக்காது, பிற நாட்டுப் பொறியாளர்கள் செய்ததை இவர் ஏன் செய்யவில்லை என்று கேட்டு, முதன்மைப் பொறுப்பை பௌச் மீது வைத்தார். வடிவமைப்பைப் பொறுத்தவரை அவர் சொன்னதே சரி என்று கருதுகிறேன். ஆனால் நோபிளுக்கு மேலே ஓர் இரும்புப் பொறியாளரை நியமிக்காத நிறுவனமும், புரைகளை அடைத்த ஒப்பந்தக்காரரும் அந்தத் தீர்ப்பின் நிழலில் எளிதாக நின்றுகொண்டார்கள். பௌச் 1880 அக்டோபர் 30ஆம் தேதி மொஃபட்டில் காலமானார்.

நோபிள் கேட்ட அந்தத் தடதட ஒலியைப் பற்றிப் பிற்காலப் பொறியாளர்கள் மீண்டும் ஆராய்ந்திருக்கிறார்கள். காதுகள் அந்த ஒரே இரவில் காற்றுக்கு முறிந்தனவா, அல்லது பத்தொன்பது மாத ரயில் அதிர்வில் விரிசல் வளர்ந்து களைத்து முறிந்தனவா என்பதில் இன்றும் இரு தரப்பு உண்டு. இரண்டாம் தரப்பு சரி என்றால், வண்ணம் பூசியவர்கள் கண்ட உடைந்த காதுகள் பாலம் தரக்கூடிய மிகத் தெளிவான அறிவிப்பாக இருந்திருக்கின்றன.

மாறியவை

1878இல் அடிக்கல் நாட்டப்பட்டிருந்த பௌச்சின் ஃபோர்த் தொங்குபாலம் கைவிடப்பட்டது. மான்ட்ரோஸ் அருகே சவுத் எஸ்க் ஆற்றில் அவர் கட்டிய பாலம் ஆய்வில் குறைபாடுடையது எனத் தெரிந்து பிரிக்கப்பட்டு மறுபடி கட்டப்பட்டது. காற்றழுத்தத்துக்கான குழு அமைந்து, சதுர அடிக்கு 56 பவுண்டு கணக்கிட வேண்டும் என்பது 1881இல் முறையானது. விசாரணையில் அமர்ந்த பார்லோவே புதிய டே பாலத்தை இரட்டைத் தடத்தோடு, அகன்ற அடித்தளங்களோடு வடிவமைத்தார். வில்லியம் ஆரோல் நிறுவனம் கட்டி 1887இல் திறந்தது. விழாமல் நின்ற பழைய கர்டர்களில் பலவற்றை அதில் மீண்டும் பயன்படுத்தினார்கள். பழைய தூண்களின் அடிப்பகுதிகள் இன்றும் அதன் அருகே நீருக்கு மேல் தெரிகின்றன.

ஃபோர்த்தில் ஜான் ஃபவுலரும் பெஞ்சமின் பேக்கரும் 56 பவுண்டை ஏற்றுக்கொண்டு, 1890இல் திறக்கப்பட்ட எஃகுப் பாலத்தை எழுப்பினார்கள். அதோடு அவர்கள் நிற்கவில்லை. முகத்துவாரத்தின் நடுவே உள்ள இன்ச்கார்வி தீவில் காற்றை அளக்கப் பலகைகளை நிறுத்தினார்கள்: சில சிறியவை, ஒன்று 300 சதுர அடி. ஆண்டுக்கணக்கில் எடுத்த அளவுகளில், பெரிய பலகை காட்டிய சராசரி அழுத்தம் சிறியதைவிடத் தெளிவாகக் குறைவாகவே இருந்தது. பரப்பு பெருகினால் சராசரி குறையும் என்ற ஏரியின் கருத்தில் உண்மை இருந்தது. அவர் சொன்ன 10 பவுண்டு மட்டும் அந்த முகத்துவாரங்களின் காற்றுக்குப் பொருந்தவில்லை. பாலம் எழும் இடத்திலேயே, பாலத்தைக் கட்டியவர்களே அந்தத் தீவில் காற்றை அளந்து பார்த்தார்கள்.